டிரான்டர் வீட்டுக் கார்

ஏவ்ரில் டிரான்டருக்குச் சொந்தம் என்று இருந்தது ஒரே ஒரு கார். நீல நிற சியர்ரா. இங்கிலாந்தில், டிப்டன் என்ற ஊரில் கால்வாயை ஒட்டிய தெருவில், இரண்டிரண்டாகச் சேர்த்துக் கட்டிய வீடுகளில் ஒன்றின் முன்னால் பதினாலு வருஷம் அது நின்றது. குளிர்காலம்தோறும் பனிக்காக உப்புத் தூவிய சாலைகளில் ஓடிவிட்டு, வீட்டுக்கு வந்தால் கால்வாய் ஈரத்தில் நிற்கும். தொண்ணூற்றெட்டு அக்டோபரில் ஆண்டுச் சோதனைக்குக் கொண்டுபோனபோது, பட்டறைக்காரர் வண்டியின் அடியில் படுத்துக்கொண்டு தளத்தை விரலால் அழுத்திப் பார்த்தார். விரல் உள்ளே போய்விட்டது.

"இன்ஜின் இன்னும் பத்து வருஷம் ஓடும், ஏவ்ரில். ஆனா அதை எதுல வச்சு ஓட்டப்போறே?" என்றார்.

அந்த வருஷம் ஏற்கெனவே அவளுக்கு நல்ல வருஷமாக இல்லை. ஏப்ரலில் அவள் வேலை செய்த தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். கார்களுக்கான வயர்க் கொத்துகளைச் செய்யும் இடம் அது. முன்விளக்கிலிருந்து பின்விளக்குவரை ஒரு காரின் உடம்பெல்லாம் ஓடுகிற வயர்களை அளவாக வெட்டி, முனைகளில் சொருகி மாட்டி, ஒரே கட்டாகக் கட்டுவார்கள். இருபத்திரண்டு வருஷம் அதைச் செய்தவள் இப்போது வாரத்தில் மூன்று நாள் பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடத்தில் மசித்த உருளைக்கிழங்கைக் கரண்டியால் அள்ளி வைத்தாள். பிள்ளைகளைப் பிடித்திருந்தது. வேலைதான் பிடிக்கவில்லை. அவள் வராத நாளில் வேறு யாரோ அள்ளி வைத்தார்கள், ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

அவள் கணவன் நெவில், காற்றுக்குழாய் செய்யும் பட்டறையில் தகரம் வளைப்பவன். பெரிய உடம்பு, சின்னக் குரல். கார் சோதனையில் தோற்ற அன்று இரவுச் சாப்பாட்டில் ஈரல் உருண்டையையும் பட்டாணியையும் தட்டில் இப்படியும் அப்படியும் தள்ளிக்கொண்டே இருந்தான்.

"ஏவ், ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டியே?"

"கேக்காமலே அதை எப்படிச் சொல்றது?"

"உன் வண்டியை உடைக்கிற இடத்துக்கு அனுப்ப வேணாம். என்கிட்ட குடு. இன்ஜின், கியர்பாக்ஸ், அச்சு, பிரேக், ஸ்டியரிங் எல்லாத்தையும் கழட்டி எடுத்துக்கிட்டு, வெறுங்கூடு மட்டும் புதுசா வாங்கி, நம்ம கராஜ்லயே ஒரு கார் கட்டிடறேன். ரெண்டே சீட்டு. நிறையப் பேர் கட்டறாங்க. பாகம் எடுக்கிற பழைய வண்டியை தான வண்டின்னு சொல்லுவாங்க."

"தானமா? தானம்னா குடுக்கறவங்க மனசார குடுக்கணும். நான் இன்னும் வாயே திறக்கலையே."

"அதான் கேக்கறேன்."

"கூரை?"

நெவில் ஒரு பட்டாணியை முள்கரண்டியால் துரத்தினான். "கூரை கிடையாது."

ஏவ்ரில் ஜன்னலைப் பார்த்தாள். செவ்வாய்க்கிழமை பிடித்த மழை இன்னும் விட்டபாடில்லை. "கூரை இல்லாத கார். இந்த ஊர்ல. உனக்கு யாருப்பா மூளையைப் படைச்சது?"

ஆனால் அவன் முகத்தைப் பார்த்தபோது முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. கல்யாணமாகி இருபது வருஷத்தில் அவன் எதையும் வேண்டும் என்று கேட்டவனே அல்ல. வீட்டிலேயே கார் கட்டுவதைப் பற்றிய பத்திரிகைகளை அவன் குளியலறையில் துண்டுகளுக்கு அடியில் ஒளித்து வைத்திருப்பது அவளுக்குத் தெரியும். இரண்டு நிபந்தனை போட்டாள். காகிதத்தில் வண்டி அவள் பெயரில்தான் இருக்க வேண்டும். ஒரு ஆணிகூட வீட்டுக்குள் வரக்கூடாது.

முதல் நிபந்தனை கடைசிவரை நின்றது. இரண்டாவது ஒன்பது நாள் தாங்கியது.

பத்தாம் நாள் அவள் வேலைவிட்டு வந்தபோது குளியல்தொட்டியில் கியர்பாக்ஸ் ஊறிக்கொண்டிருந்தது. அடுத்த மாதம் ரொட்டிப் புட்டிங் செய்கிற தட்டில் திருகுகள் அளவுவாரியாக அடுக்கியிருந்தன. பிப்ரவரியில், ஞாயிற்றுக்கிழமை உருளைக்கிழங்கு வேகவைக்க அடுப்புக் கதவைத் திறந்தால், உள்ளே இரண்டு பிரேக் துண்டுகள் புதுப் பெயிண்ட் அடித்துக் காய்ந்துகொண்டிருந்தன.

"நெவில்! இது எத்தனை மணிக்கு வேகும்? கூட குழம்பு வேணுமா?"

"இன்னும் பத்து நிமிஷம், ஏவ். தொடாதே, சூடு."

அந்த வாரம் முழுக்க உருளைக்கிழங்கில் கராஜ் வாசனை அடித்தது. அவள் திட்டிக்கொண்டேதான் தின்றாள்.

பக்கத்து வீட்டு ஹொரேஸ், கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர், வேலிக்கு மேல் தாடையை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பார். சியர்ராவின் மிச்ச உடம்பை லாரியில் ஏற்றிப் போனபோது தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார். "நல்ல வண்டி. கடைசி மூச்சு வரைக்கும் ஸ்டார்ட் ஆச்சு. ஏவ்ரில், கண்ணு, சடங்குக்கு டீ உண்டா?" என்றார். ஏவ்ரில் சிரித்தாள். டீ போட உள்ளே போனவள், கெட்டில் கொதித்து அடங்கிய பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். அந்த வண்டியில்தான் நாற்பது வயதை ஒட்டி அவள் ஓட்டக் கற்றுக்கொண்டாள்.

மே மாதம் கூடு வந்தது. லிங்கன்ஷயரில் ஒரு கொட்டகையில் அண்ணன் தம்பி இரண்டு பேர் செய்து விற்பது. இரும்புக் குழாய்களைப் பற்றவைத்த சட்டம், ஒரு கண்ணாடி நார் மூக்கு, நாலு மட்கார்டு, தகடுகள், பதினாறு பக்கத்தில் ஒரு நகலெடுத்த கையேடு. ஆறாம் பக்கத்தில் 'இப்போது இன்ஜினை உள்ளே இறக்கவும்' என்று ஒரே வரி. எப்படி என்று ஏழாம் பக்கத்திலும் இல்லை. நெவிலுக்கு அதற்கு நாலு சனிக்கிழமை பிடித்தது. சங்கிலியில் தொங்கும் இன்ஜினை அவன் அணைத்துப் பிடித்துக்கொண்டு, "கொஞ்சம் இடது, கொஞ்சம் இடது, அம்மாடி" என்று கெஞ்ச, ஹொரேஸ் வேலிக்கு அந்தப்புறமிருந்து பழைய பழக்கத்தில் கையசைத்து ஏற்று, இறக்கு, நிறுத்து என்று சைகை காட்டினார்.

அவன் தகடு வளைக்கும்போது மட்டும் ஏவ்ரில் டீயை எடுத்துக்கொண்டு போய் நின்று பார்ப்பாள். அளவுகோலை ஒருமுறைதான் வைப்பான். பிறகு மரச்சுத்தியால் தட்டித் தட்டி ஓரத்தை மடித்துக்கொண்டே போவான். கடைசியில் தகடு சட்டத்தில் உட்காரும்போது ஒரு மயிரிழை இடைவெளி இருக்காது. இவ்வளவு பெரிய கைக்குள் இவ்வளவு பொறுமை எங்கே இருக்கிறது என்று நினைத்துக்கொள்வாள். நினைத்ததை அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் அடுப்பை நிரந்தரமாகவே கேட்பான்.

இரண்டாம் குளிர்காலத்தில் வயரிங்குக்கு வந்தான்.

அவன் அவளைக் கூப்பிடவில்லை. சியர்ராவின் வயர்க் கொத்தைக் கழற்றியபோது, ஒவ்வொரு முனையிலும் காகித நாடா ஒட்டி எண் எழுதி ஒரு மூட்டையாக வைத்திருந்தான். கராஜ் ஈரத்தில் பாதி நாடா உதிர்ந்து தரையில் கிடந்தது. மீதியில் எழுத்து கரைந்துவிட்டது. அவள் வாசலில் நின்று, "நான் வேணா பாக்கட்டுமா?" என்று கேட்டாள்.

"வேணாம் ஏவ். நான் பாத்துக்கறேன்."

"இருபத்திரண்டு வருஷம் இதைத்தானே செஞ்சேன்."

"அதான் சொல்றேன், செஞ்சது போதும். நீ உக்காரு."

அவள் உள்ளே போய்விட்டாள். பாத்திரங்களைக் கொஞ்சம் சத்தமாகக் கழுவினாள். தொழிற்சாலை மூடின அன்று மேலாளர் சொன்ன வெற்று ஆறுதலைவிட இது அதிகமாக வலித்தது. அவளுடைய வேலையை ஒரு வேலையாகவே அவன் மதித்ததில்லை போலும் என்று நினைத்தாள். ஆறு வாரம் அந்த நினைப்போடேயே டீ கொண்டுபோய் வைத்தாள்.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் முதல்முறையாக மின்சாரம் கொடுத்துப் பார்ப்பது என்று ஏற்பாடு. ஹொரேஸ் நல்ல கோட்டு போட்டுக்கொண்டு வந்திருந்தார். நெவில் உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பினான். எதுவும் வெடிக்கவில்லை, நல்லது. இடதுபக்கத் திசைவிளக்கைப் போட்டான். ஹார்ன் அலறியது. பிரேக்கை மிதித்தான். கண்ணாடித் துடைப்பான் இரண்டும் ஆடத் தொடங்கின.

"நெவில், தம்பி," என்றார் ஹொரேஸ், "மழை வந்தா பிரேக்கை மிதிச்சிக்கிட்டே போவியா?"

நெவில் அடுத்த சுவிட்சைத் தேடினான். முன்விளக்கைப் போட்டான். டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து புகை வந்தது.

ஏவ்ரில்தான் பாய்ந்து போய் பேட்டரி முனையைப் பிடுங்கினாள். ஹொரேஸ் சிரித்து இருமி, இருமிச் சிரித்து, வீட்டுக்குப் போனார். நெவில் காரிலேயே உட்கார்ந்திருந்தான். அவள் கைவிளக்கை எடுத்துக்கொண்டு கீழே குனிந்து பார்த்தாள். ஒவ்வொரு இணைப்பும் சுத்தம். முறுக்கியது, அழுத்தியது, சுற்றியது எதிலும் குறை சொல்ல முடியாது. ஆனால் பழுப்பைப் பச்சையோடு சேர்த்திருந்தான். ஒரு இடத்தில் அல்ல, ஏழெட்டு இடத்தில். கவனக்குறைவு என்றால் அங்கொன்று இங்கொன்று இருக்கும். இது ஒழுங்காக, ஒரே மாதிரி தப்பாக இருந்தது.

அவள் உதிரி வயரில் ஒரு பச்சைத் துண்டையும் ஒரு பழுப்புத் துண்டையும் எடுத்து அவன் முகத்துக்கு முன்னால் நீட்டினாள்.

"இது என்ன கலர்?"

"விடு ஏவ்."

"சொல்லு நெவில். என்ன கலர்?"

அவன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேரே சுவரைப் பார்த்தான். காது சிவந்துவிட்டது. "ரெண்டும் ஒண்ணுதான்," என்றான், "எனக்கு."

ஏவ்ரில் இரண்டு துண்டையும் கீழே இறக்கினாள்.

"பதினாறு வயசுல ரயில்வேல எலக்ட்ரீஷியன் வேலை கத்துக்கப் போனேன். எடுத்துட்டாங்க. கடைசியா டாக்டர் ஒரு புஸ்தகத்தைக் காட்டினாரு, முழுக்கப் புள்ளி. நம்பர் தெரியுதான்னாரு. எனக்குப் புள்ளிதான் தெரிஞ்சுது. வீட்ல வந்து, எனக்கு அந்த வேலை பிடிக்கல, வேணாம்னுட்டேன்னு சொல்லிட்டேன். அப்பா ஒரு வருஷம் என்கூட சரியாப் பேசல."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"உன்னைப் பாத்த அன்னிக்கே, கார் கம்பெனிக்கு வயர் கட்டறேன், நாப்பத்தேழு கலர் கண்ணை மூடிக்கிட்டுச் சொல்வேன்னே. அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது?"

ஏவ்ரில் மறுபக்கத்து இருக்கைக்குள் இறங்கினாள். அது இன்னும் மெத்தை போடாத வெறும் தகடு. அவன் வாங்கி வந்த கோட்டுகளும் கம்பளிகளும் வரிசையாக அவள் கண்முன் வந்தன. ரசனை கெட்ட மனுஷன் என்று தங்கையிடம் எத்தனை முறை சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

"அப்போ நம்ம முன்னறைத் திரைச்சீலை என்ன கலர்னு உனக்குத் தெரியாதா?"

"நீ பச்சைன்னு சொன்னே. பச்சைதான்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க ஆரம்பித்து, நடுவில் அது வேறு மாதிரி ஆகப் பார்த்தது. அவன் தோளில் ஓங்கி ஒரு குத்து விட்டாள்.

"முட்டாளே. என் வேலை ஒரு வேலையே இல்லன்னு நீ நெனைக்கிறேன்னுல்ல நான் நெனைச்சேன்."

நெவில் நிஜமாகவே திடுக்கிட்டுத் திரும்பினான். "உன் வேலையா? நீ வந்து பக்கத்துல நின்னா ஒரு நிமிஷத்துல கண்டுபிடிச்சிடுவேன்னு பயந்தேன்."

"அரை நிமிஷம்," என்றாள் ஏவ்ரில்.

மறுநாள் காலையில் அவள் முன்னறையிலிருந்து சோபாவை நடைக்குத் தள்ளினாள். தொழிற்சாலையில் இருந்ததுபோலவே ஒரு பெரிய ஒட்டுப்பலகை கேட்டாள். நெவில் வாங்கி வந்து சுவரில் சாய்த்துக் கொடுத்தான். காரின் முன்னாலிருந்து பின்னால்வரை நூல் வைத்து அளந்து, பலகையில் பென்சிலால் வழி வரைந்து, வளைவுகளில் ஆணி அடித்தாள். பழைய மூட்டையைத் தொடவில்லை. எல்லாம் புது வயர். முதல் நாள் விரல்கள் கொஞ்சம் தடுமாறின. இரண்டாம் நாள் மாலை அவள் வானொலியில் நாடகம் கேட்டுக்கொண்டே, கையைப் பார்க்காமலே நாடா சுற்றிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் யாரோ, "என்ன ஏவ்ரில், நடையே மாறிப்போச்சு?" என்று கேட்டார்கள்.

நெவில் எடுபிடி. "அந்த ஆரஞ்சை எடு" என்பாள், உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு, "இடமிருந்து நாலாவது" என்பாள். ஒரு வாரத்தில் அவனாகவே எல்லாச் சுருள்களையும் வரிசை மாறாமல் கம்பியில் கோத்து மாட்டி, எண் அடித்த தகரத் துண்டுகளைக் கீழே தொங்கவிட்டான். அந்த எண்கள் ஈரத்துக்குக் கரையாது. நீலத்துக்கு மட்டும் எண் போடவில்லை.

"அது ஏன்?"

"நீலம் எனக்கு நீலமாவே தெரியும். அதனாலதான் உனக்கு நீலக் கார் வாங்கினேன். மத்தது எதுவா இருந்தாலும் நிறுத்தின இடத்துல என்னால கண்டுபிடிக்க முடியாது."

இதை அவன் சும்மா ஒரு தகவல்போலச் சொல்லிவிட்டு டீ எடுக்கப் போனான். 

ஜூலையில் அரசாங்கச் சோதனை. வீட்டில் கட்டிய கார் சாலைக்கு வர வேண்டும் என்றால் இதில் தேற வேண்டும். அதிகாரி ஒல்லியான ஐம்பது வயதுக்காரர், நீல மேலங்கி. ஒரு ரப்பர் உருண்டையை வைத்துக்கொண்டு காரின் விளிம்பெல்லாம் உருட்டினார், எங்கே கூர் தட்டுகிறதோ அங்கே சாக்பீஸால் கோடு போட்டார். ஏழு கோடு விழுந்தது. பிறகு விளக்குகள். ஒவ்வொன்றாகப் போடச் சொன்னார். இடது திசைவிளக்குக்கு இடது திசைவிளக்கே எரிந்தது. ஏவ்ரில் மூச்சு விட்டாள்.

"மூடுபனி விளக்கு," என்றார்.

நெவில் போட்டான். பின்னால் சரியாக எரிந்தது. அதிகாரி டேஷ்போர்டில் குனிந்தார். "இது எரியறதைக் காட்டற சின்ன விளக்கு மஞ்சளா இருக்கணும். உங்களுது பச்சையா எரியுதே."

ஏவ்ரில் எட்டிப் பார்த்தாள். அவள் மாட்டியது மஞ்சள்தான். நெவில் முகம் வெளுத்திருப்பதைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. முந்தின நாள் அதன் மூடி கீறியிருப்பதைப் பார்த்து, அவளுக்கு வேலை வைக்காமல் தானே ஒன்றை வாங்கி மாற்றியிருக்கிறான்.

"என் தப்புங்க," என்றாள் சட்டென்று. "வயரிங் நான்தான் செஞ்சேன். அவசரத்துல மாத்திப் போட்டுட்டேன்."

அதிகாரி எழுதத் தொடங்கினார்.

"இல்லைங்க," என்றான் நெவில். அந்தச் சின்னக் குரல் சோதனைக் கொட்டகை முழுக்கக் கேட்டது. "அவ தப்பு பண்ண மாட்டா. நான்தான் போட்டேன். எனக்குப் பச்சைக்கும் மஞ்சளுக்கும் வித்தியாசம் தெரியாது. பொறந்ததுலேர்ந்தே."

ஏவ்ரில் அவனைப் பார்த்தாள். அவன் காது சிவக்கவில்லை.

அதிகாரி தலையைத் தூக்கினார். "எனக்கு வலது காது கேக்காது," என்றார். "அடுத்தது சத்தச் சோதனை. கவலைப்படாதீங்க, அதுக்கு மீட்டர் இருக்கு."

கடைசியில் தோற்றதாக எழுதிய காகிதத்தை நீட்டினார். எட்டுக் குறை. நெவில் அதை மேலிருந்து கீழ்வரை இரண்டு முறை படித்தான்.

"வயரிங்கைப் பத்தி ஒண்ணும் எழுதலையே?"

"அதுல குறை ஒண்ணும் இல்லையே."

"நல்லா இருக்குன்னு எழுதுங்க."

"நல்லா இருக்குன்னு எழுதறதுக்கு இந்தப் படிவத்துல இடமே கிடையாதுங்க."

"ஓரத்துல எழுதுங்க. நான் வேணா கோடு போட்டுத் தர்றேன்."

ஏவ்ரில் அவன் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

ஐந்து வாரம் கழித்து இரண்டாம் முறை தேறினார்கள். பாகங்களில் பெரும்பாலானவை ஒரே வண்டியிலிருந்து வந்தவை என்பதால் சியர்ராவின் வயதுக்கேற்ற எண்ணே கிடைத்தது, ஏவ்ரில் டிரான்டர் பெயரில். முதல் ஞாயிறு பிரிட்ஜ்நார்த்துக்குப் போனார்கள். போகும்போது அவன் ஓட்டினான். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. ஏவ்ரில் பிளாஸ்டிக் பையைத் தலையில் கட்டிக்கொண்டு, ஆற்றங்கரையில் நனைந்த சாண்ட்விச்சைத் தின்றாள். திரும்பும்போது அவள் ஓட்டினாள். தரைக்கு ஒரு சாண் மேலே உட்கார்ந்து, முழங்கையில் காற்று அடிக்க, தனக்குப் பழகின அந்த இன்ஜின் தன் காலடியில் இருமுவதைக் கேட்டுக்கொண்டு மேட்டில் ஏறினாள். நெவில் பக்கத்தில் இரண்டு முட்டியையும் மார்போடு மடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவனுக்கென்று கட்டிய கார் அவனுக்குப் பத்தவில்லை. கட்டும்போது அவன் உயரத்தை அளக்க இருவருமே மறந்துபோயிருந்தார்கள்.

அடுத்த வருஷம் கார் கட்டுபவர்களின் கூட்டம் ஒன்றுக்கு, ஸ்டோன்லி மைதானத்துக்குப் போனார்கள். வந்தவர்கள் காரின் மூக்கைத் தூக்கி இன்ஜினைப் பார்த்தார்கள், பிறகு குனிந்து டேஷ்போர்டுக்கு அடியில் பார்த்தார்கள், பிறகு ஒருவரையொருவர் கூப்பிட்டார்கள். மத்தியானத்துக்குள் காருக்குப் பின்னால் ஒரு கும்பல். எல்லோர் வீட்டுக் கராஜிலும் ஒரு வயர் மூட்டை இருந்தது, உதிர்ந்த நாடாவோடு. ஒருவர், தன் கார் நாலு வருஷமாக எல்லாம் முடிந்து வயருக்காகவே நிற்கிறது என்று சொன்னபோது கண்கலங்கிவிட்டார். ஏவ்ரில் கைப்பையிலிருந்து ஒரு பழைய கடித உறையை எடுத்து, அதன் பின்பக்கத்தில் வயர்க் கொத்து கேட்டவர்களின் பெயர்களை எழுதிக்கொண்டாள்.

பள்ளிக்கூடத்து வேலையை அடுத்த ஈஸ்டரோடு விட்டாள். பிள்ளைகள் ஒரு அட்டை செய்து கொடுத்தார்கள், அதில் அவள் கையில் கரண்டி இருந்தது. சோபா முன்னறைக்குத் திரும்பவே இல்லை. பலகை இரண்டாகி, மூன்றானது. நெவில் பட்டறையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு முழுநேரமும் சுருள் கோத்தான், முனை அழுத்தினான், பொட்டலம் கட்டித் தபாலில் சேர்த்தான். ஹொரேஸ் சாகும்வரை, இந்தத் தெருவில் கூரையும் கதவும் ஹீட்டரும் இல்லாத ஒரு காருக்கு இவ்வளவு வயர் எதற்கு என்று கேட்டுக்கொண்டேதான் இருந்தார்.

ஒருநாள் ஹெரெஃபோர்டிலிருந்து யாரோ போனில் கூப்பிட்டார்கள். ஏவ்ரில் வாயில் இரண்டு கட்டுநாடாவைக் கவ்விக்கொண்டு பலகையில் சாய்ந்திருந்தாள். நெவில் எடுத்தான்.

"வயரிங் செய்யற டிரான்டர் சார்தானே?"

"அவங்க வேலையா இருக்காங்க," என்றான் நெவில். "நான் அவங்க உதவியாள் பேசறேன். என்ன வண்டி சொல்லுங்க."